படுகளத்து மண்

சங்கீதா விழுந்தபோது சத்தமே வரவில்லை. முதலில் அதுதான் எனக்கு உறுத்தியது.

குஸ்திக் குழி என்றால் யாராவது விழுந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கிப் போட்டால் தொம்மென்று கேட்கும். பின்னாலேயே சிரிப்புக் கேட்கும். அதற்கும் பின்னால் என் மகள் வாணியின் விசில். அன்று சாயங்காலம் வாணியே சங்கீதாவைத் தோளுக்கு மேல் எடுத்து மண்ணில் சாய்த்தாள். பாயில் பஞ்சு மூட்டையை வைத்தது போல மண் அந்தப் பெண்ணை வாங்கிக்கொண்டது. நான் வேலியோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். வாணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். சங்கீதா எழவில்லை.

"ஏய், எழுந்திரு. டிராமா பண்ணாத."

"மிஸ், கால் இல்ல மிஸ்."

"இன்னாடி ஒளர்ற?"

"வலது கால் இல்ல மிஸ். தொடையோட போயிடுச்சி."

கால் அங்கேயேதான் இருந்தது. வாணி குனிந்து தொடையை அழுத்தினாள், கிள்ளினாள், உள்ளங்காலில் நகத்தால் கீறினாள். சங்கீதா முகம் சுளிக்கவில்லை. அவள் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, பிறகு ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் குழியை விட்டு ஏறினார்கள். யாரும் ஏறச் சொல்லவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் போன என் காலத்தைத்தான் எழுதி வந்தேன். மகளைப் பற்றி எழுதக் கூடாதா என்று பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் அவள் வாங்கின மெடல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. சத்தமில்லாத அந்த விழுதல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஈரத் தோலைப் பிடித்த கை

வாணியின் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் தோல் தூக்கினார். சுண்ணாம்புக் குழியில் ஊறின மாட்டுத் தோலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரலால் பிடித்தால் மீன் மாதிரி நழுவிப் போய்விடும். அடியில் கை கொடுத்து, முழங்கையை மடக்கி, மாரோடு பூட்டுப் போட வேண்டும். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் வாணி அப்பாவோடு நின்று தோல் தூக்குவாள். வேண்டாமென்றால் கேட்கமாட்டாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை மேல் தோல் வாடை அடிக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அந்தக் கைதான் அவளைத் தூக்கிவிட்டது. வேலூரில் கல்லூரியில் சேர்ந்தபோது கபடி ஆடப் போனாள். ஒருத்தியை இடுப்போடு பிடித்தாளாம். நடுவர் விசில் ஊதியும் அந்தப் பெண்ணால் பிடியைக் கழற்ற முடியவில்லையாம். அங்கிருந்த பி.டி. மேடம், "நீ கபடிக்கு வேணாம்மா, குஸ்திக்கு வா" என்று கூட்டிப் போய்விட்டார்.

எனக்குச் சொல்லவில்லை. நெடுநாள் கழித்து, போட்டி பார்க்க வா என்றாள். போனேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் போட்டிருந்த உடுப்பைப் பார்த்ததும் என் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். உடம்போடு ஒட்டின சிவப்பு உடுப்பு. ஆயிரம் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

பிறகு முந்தானையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். வாணி எதிராளியின் கழுத்தைப் பூட்டிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பியிருந்தாள். கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணில் நானும் இல்லை, தூணும் இல்லை, கூட்டமும் இல்லை. பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்த்து எனக்குக் குளிரெடுத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்னைப் பாத்தியே, அப்ப எதப் பாத்துக்கினு இருந்த?"

"யாரும் இல்லாத எடத்தம்மா" என்றாள் வேர்க்கடலை தின்றுகொண்டே. "அங்க போனாதான் பிடி கெடைக்கும்."

"போனா திரும்பி வந்துடுவியா?"

"வந்துதானே கடல துன்றேன்."

வேன் நிற்கும் புளியமரம்

குஸ்தியில் காது மடல் நசுங்கி நசுங்கி வீங்கும். வீங்கினது அப்படியே கெட்டியாகிவிடும். வாணியின் காது காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், காதைப் பார்த்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

"கம்மல் மாட்ட எடமில்லாத பொண்ணுக்கு எத்தினி பவுன் மிச்சம், அதக்கூட யோசிக்கல பாரு" என்பாள் வாணி. எனக்குச் சிரிப்பு வராது. அவள் மட்டும் சிரிப்பாள்.

முட்டி போன பிறகு போட்டியை விட்டாள். படித்தாள். அதற்கு மேலும் படித்தாள். ஒடுகத்தூர்ப் பக்கம் மலை அடிவாரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனாள். அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நானும் கம்பெனியை விட்டு அவளோடு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்தான் வீடு. வீட்டைத் தாண்டினால் கடலைக் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் மலை.

அந்த ஊரிலிருந்து ஆம்பூர்க் கம்பெனிகளுக்கு வேன் போகும். விடியற்காலையில் புளியமரத்தடியில் வந்து நிற்கும். பத்தாவது முடித்த பெண், முடிக்காத பெண் எல்லாம் அதில் ஏறிப் போய்விடும். வாணியும் விடியற்காலையில் அந்தப் புளியமரத்தடிக்குப் போவாள். ஏறப்போகிற பெண்ணின் மணிக்கட்டைப் பிடிப்பாள். ஈரத் தோலைப் பிடித்த கையிலிருந்து அந்தப் பிள்ளைகள் எங்கே நழுவுவது?

"மிஸ், உடுங்க மிஸ். அம்மா அடிப்பாங்க."

"அடிக்கட்டும். நீ குனிஞ்சி காலப் புடிச்சித் தூக்கிடு. அதான் சொல்லிக் குடுத்திருக்கேன்ல?"

காலையில் வகுப்பில் உட்காராதவளுக்குச் சாயங்காலம் குழியில் இடமில்லை. அது அவள் வைத்த சட்டம். கணக்கு வராத பிள்ளையை எடைப்பிரிவு வைத்துக் கூட்டச் சொல்லுவாள், கழிக்கச் சொல்லுவாள். குஸ்திக்கு ஆசைப்பட்டே பாஸ் பண்ணின பெண்கள் உண்டு.

வேனிலிருந்து இறக்கின பெண்களில் ஒருத்திதான் சங்கீதா. அப்பா முருகேசன் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா அதே வேனில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். சங்கீதா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத் தேர்வுக்குப் போக நாள் நெருங்கியிருந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரி சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் வேன். வேனுக்குப் பிறகு தாய்மாமன். அவன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

அந்தப் பெண்தான் கால் இல்லை என்று சொல்லிக்கொண்டு மண்ணில் கிடந்தாள்.

ஒரு கல் இல்லாத மண்

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் குழி கிடையாது. ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து, ரெக்ஸின் உறை போட்டு நான்தான் மெத்தை தைத்துக் கொடுத்தேன். ஒரு மழைக்காலத்தில் எலி புகுந்து குட்டி போட்டுவிட்டது. மண் குழி வெட்டிவிடலாம், கல்லில்லாத மண் கிடைத்தால் போதும் என்றாள் வாணி. முருகேசன் தலையை ஆட்டினார். "ஏரி மண்ணு அடிச்சித் தர்றேன் மிஸ். நம்ம பொண்ணு வுழற எடம், பாத்துக்கறேன்."

டிராக்டரில் வந்து இறங்கின மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாவு மாதிரி இருந்தது. சலித்துப் பார்த்தேன், சல்லடையில் ஒரு கல் நிற்கவில்லை. இப்படியும் ஏரி மண் இருக்குமா என்று நினைத்தேன். மண்ணோடு ஒரு பெரிய தேங்காய்த் தொட்டி, கொட்டாங்குச்சி, வந்தது. வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தது, நடுவில் கறுப்பாக வட்டமாக ஏதோ. பிள்ளைகள் விளையாடிப் போட்டதாக்கும் என்று கழுவி வைத்துக்கொண்டேன். குழிக்கு மஞ்சள் தூள், வேப்பிலைப் பொடி, நல்லெண்ணெய், மோர் எல்லாம் விட்டுக் கிளற வேண்டும். காயம் பட்டால் சீழ் வைக்காது. தினமும் அந்தத் தொட்டியால்தான் மஞ்சளை அள்ளிப் போட்டேன்.

சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் மண்ணைப் பலகையால் சமம் பண்ணிவிடுவேன். காலையில் தண்ணீர் தெளிக்கப் போனால் நடுவில் பள்ளமாக இருக்கும். நீளப் பள்ளம். மேல்பக்கம் இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி கொஞ்சம் அகன்றிருக்கும். முதல் நாள் யாரோ வந்து படுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவ்வளவு நீளமான ஆள் எங்கே இருக்கிறான்?

வாணியைக் கூட்டி வந்து காட்டினேன்.

"புது மண்ணும்மா. எறங்குது."

"எறங்கறது ஆள் மாதிரியா எறங்கும்?"

"நீ ஆள் மாதிரி பாக்கற."

தெருநாய் ஒன்று எங்கள் வாசலிலேயே கிடக்கும். பழைய மெத்தையில் போய்ப் படுத்துச் சங்கீதாவிடம் உதை வாங்கின நாய். குழி வந்த பிறகு வேலியைத் தாண்டவில்லை. சோற்றைக் குழிக்குள் போட்டால் விளிம்பில் நின்று ஊளையிடும்.

மழை பெய்த மறுநாள் ஒரே ஓர் இடத்தில் மண் சிவந்திருந்தது. பள்ளத்தின் கீழ்ப்பாதியில், வலது பக்கமாக. தொட்டால் விரலில் ஒட்டியது. வாணி விரலை மோந்து பார்த்தாள்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். ஆரத்திக்கு ஆலம் கரைக்கறியே, அதேதான். போம்மா, போய் இட்லி ஊத்து."

சரிதான். எத்தனை கல்யாணத்துக்கு ஆலம் கரைத்திருப்பேன், எனக்குத் தெரியாதா? ஆனால் குழியில் நான் சுண்ணாம்பு போடவே இல்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. இட்லி ஊற்றப் போய்விட்டேன்.

அது அவன் கண்ணு

சங்கீதாவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்தார்கள், ஊசி குத்திப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, முதுகுத்தண்டு நன்றாக இருக்கிறது. பெரிய டாக்டர் அம்மா வாணியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, பரீட்சை பயமா என்று விசாரித்தார். நல்லாயிடும், நாளாகலாம் என்றார்.

நாள்தான் இல்லை. தேர்வுக்கு ஒரு வாரம்கூடக் கிடையாது.

ஊருக்குத் திரும்பினோம். சங்கீதாவை அவள் வீட்டு நடையில் பாயில் போட்டார்கள். தூங்கும்போதும் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மல்லாந்து தூங்கினாளாம். மடக்கி வைத்தால் திரும்ப விரித்துக்கொள்ளுமாம்.

மறுநாள் பூசாரி கன்னியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ஊர் துரௌபதி அம்மன் கோயில் பூசாரி அவர். பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷமும் அவர்தான். கூத்து இல்லாத நாளில் ஆடு மேய்ப்பார். நல்ல தமாஷ்க்காரர். வந்ததும், "மிஸ்ஸு, என் தொடையிலதான் வருஷா வருஷம் அடிக்கறாங்க, நான் கல்லு மாதிரி நடக்கறேன். இந்தப் பொண்ணுக்கு இன்னா வந்துது?" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே வேலிப் பக்கம் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குடத்தின் மேல் நான் கவிழ்த்து வைத்திருந்த தேங்காய்த் தொட்டியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடச்சிது ஆயா?"

"மண்ணுல வந்துதுங்க. மஞ்சா அள்ளிப் போட வெச்சிக்கினேன்."

"மஞ்சா அள்ளனீங்களா?" என்றார். தொட்டியைத் துண்டால் துடைத்தார். "இது கண்ணு ஆயா. அவன் கண்ணு. நான் என் கையால வெச்சது."

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளம். தெருவை அடைத்துக்கொண்டு துரியோதனனை மண்ணால் செய்து, கண்ணுக்குத் தேங்காய்த் தொட்டி வைத்து, மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். வீமன் வேஷக்காரன் அவன் தொடையில் அடிப்பான். உள்ளே வைத்திருக்கிற சிவப்புத் தண்ணீர் வழியும், அம்மன் அதைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். அன்றைக்கு வேண்டுதல் உள்ளவர்கள் செத்த பிணம் போலச் சுற்றிலும் படுத்துக் கிடப்பார்கள். பெற்றவள் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நெல்லில் போட்டால் பெருகும், தொழுவத்தில் போட்டால் மாட்டுக்கு நோய் வராது. மீதியைக் கோயிலுக்குப் பின்னால் மேடாகக் குவித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அதையே சலித்து, மிதித்து, மறுபடியும் அவனைச் செய்வார்கள். அவர்கள் அப்பன் காலத்திலிருந்தும் பாட்டன் காலத்திலிருந்தும் அதே மண். அதில் கல் எப்படி இருக்கும்?

முருகேசனைக் கூப்பிட்டார்கள். அவர் மறைக்கவில்லை.

"ஏரில தண்ணி நின்னுதுண்ணா. கோயில் மேட்டு மண்ணு பூ மாதிரி கெடந்துது. அல்லாரும் ஒரு பிடி எடுக்கறதுதானேன்னு..."

"பிடின்னா கையில பிடிடா. டிராக்டர்லயா பிடிப்பாங்க? மேடு கொறஞ்சிட்டுதே, மழை அரிச்சிட்டுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேனே பாவி!"

"எம் பொண்ணு வுழற எடம். வலிக்கக் கூடாதுன்னு பாத்தேண்ணா." சொல்லும்போதே முருகேசன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

யார் படுப்பது

ஊரில் பேச்சு ஒரே நாளில் பரவியது. குழியை மூட வேண்டும் என்றார்கள். தலைமை ஆசிரியையும் வாணியைக் கூப்பிட்டு, "எனக்கு நம்பிக்கை இல்லம்மா. ஆனா பெத்தவங்க பொண்ணுங்கள அனுப்ப மாட்டேங்கறாங்களே" என்றார். அது உண்மை. அன்று சாயங்காலம் குழிக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. மறுநாள் விடியற்காலை வேனில் உட்கார இடமில்லை என்று சொன்னார்கள்.

பூசாரியிடம் வாணியே நேராகப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"மண்ணத் திருப்பி அடிச்சிட்டா சரியாயிடுமா?"

"அவன் படுத்தாதான் சரியாவும் மிஸ். அடுத்த திருநாளுக்குத்தான் அவனச் செய்வோம். படுக்க வேண்டியவன் படுக்கணும், அப்பதான் மத்தவங்க எழுந்திருக்கலாம். அதான் மொறை. அவன ஒடச்சிக் குழில போட்டுட்டீங்க. படுக்கறதுக்கு ஒடம்பு தேடனான், இவ கெடச்சா."

"அப்ப யாராவது படுக்கணும். அவ்ளோதானே?"

"தமாஷ் பண்றீங்களா?"

"நீங்க பண்ணலன்னா நானும் பண்ணல."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாணி சொன்னாள். "கால்ல ஒண்ணும் இல்லம்மா. அவ சின்ன வயசுலருந்து அந்தக் கூத்தப் பாத்தவ. மண்ணப் பத்தி அவளுக்கு யாரும் சொல்லல, ஆனா ஒடம்புக்குத் தெரிஞ்சிருக்குது. எந்த வழில போச்சோ அந்த வழிலதான் திரும்பணும். நான் படுக்கறேன்."

"நீயா?"

"வேற யாரு? நான்தானே அவளச் சாய்ச்சேன்."

குஸ்திக்காரிக்கு மல்லாந்து படுப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போட்டியில் அவள் தோற்றிருக்கிறாள். ஆனால் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் ஒரு நாளும் முதுகில் மண் பட விட்டதில்லை. 'மிஸ் முதுகுல மண்ணு பட்டா அப்புறம் எந்த அப்பன் பொண்ண அனுப்புவான்?' என்பாள். அப்படிப்பட்டவள் ஊர் பார்க்கப் படுக்கிறேன் என்கிறாள்.

"வேணாம் வாணி. அது நல்ல மண்ணு இல்ல."

"மண்ணுல நல்லது கெட்டது இன்னாம்மா? அவ வேன்ல போறதவிட அது கெட்டதா?"

உச்சி வெயில்

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. உச்சி வேளையில்தான் படுகளத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம் என்று பூசாரி சொன்னதால் அந்த நேரம் குறித்தார்கள். வேலியைச் சுற்றி ஊர் நின்றது. நிழல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒளிந்திருந்தது. பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துச் சங்கீதாவைத் தூக்கி வந்தார்கள். வலது கால் துணி மாதிரி தொங்கியது.

வாணி விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். குழியில் இறங்கினாள். அன்று நான் மண்ணைச் சமம் பண்ணவில்லை, பயந்துகொண்டு கிட்டேயே போகவில்லை. பள்ளம் அப்படியே இருந்தது. அவள் அதில் மல்லாந்து படுத்துக் கையை விரித்தாள். பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். சரியாக இருந்தது.

"வாடி. வந்து அழுத்து."

"மிஸ், வேணாம் மிஸ்." சங்கீதா அழுதாள்.

"எத்தினி நாள் என்ன மல்லாத்தணும்னு ஆசப்பட்ட? சும்மா கெடச்சா வேணாமா? ரெண்டு தோளும் பதியணும். ஒரு தோள் பட்டா பாயிண்ட் கெடையாது."

வேலியோரம் பெண்கள் சிரித்தார்கள். சங்கீதாவும் அழுகையோடு சிரித்தாள். சேரிலிருந்து சரிந்து, காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போனாள். வாணியின் தோள்களில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். வாணி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

பூசாரி தலையசைத்தார். சங்கீதாவின் அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சங்கீதா! எழுந்து வாடி கண்ணு!"

சங்கீதா எழுந்தாள். முதலில் இடது கால். பிறகு வலது கால். நின்றாள். தன் காலைத் தானே குனிந்து பார்த்தாள். ஓரடி வைத்தாள். யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. முருகேசன்தான் முதலில் ஓவென்று அழுதார். அப்புறம் பெண்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரே கூச்சல்.

அந்தக் கூச்சலில் வாணியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவள் எழவில்லை. உச்சிச் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கூசவில்லை, இமைக்கவில்லை.

"மிஸ், போதும் மிஸ். எழுந்திரிங்க" என்றாள் ஒரு பெண். பிறகு இன்னொருத்தி. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. சங்கீதா குனிந்து கையை நீட்டினாள்.

"தொடாத!" பூசாரி கத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் திரும்பினார். "ஆயா, நீங்க கூப்புடணும். பெத்தவங்கதான். நெஞ்சுலருந்து சத்தமாக் கூப்புடுங்க, சீக்கிரம்."

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறந்தவள் இல்லை. கம்பெனியில் விரலில் மிஷின் ஊசி ஏறினபோதுகூட மற்றக் கையால் மேஜையைத் தட்டித்தான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி திறந்தேன். வா என்கிற எழுத்துக்கு உதடு விரிந்தது, அவ்வளவுதான். என் பிள்ளையின் மாரில் கிடந்த மண் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. கை விசிலை நசுக்கியது, தொண்டை மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி, "கூப்புடேன்மா, இன்னாத்துக்கு நிக்கற?" என்று என் முதுகில் தட்டினாள். கடைசியாக ஒரு தரம் உதட்டை அசைத்தேன். என் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

வாணி தலையைத் திருப்பினாள். யாரோ கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படித் திரும்பினாள். இமைத்தாள். எழுந்து உட்கார்ந்து தலைமுடியிலிருந்து மண்ணை உதறினாள்.

"இன்னாம்மா, இப்பிடியா கத்துவ? காது அடைச்சிக்கிச்சி. ஊரே பாக்குது பாரு."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தேங்காய்த் தொட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

சங்கீதா தேர்வுக்குப் போனாள். முதல் ஆட்டத்தில் தடுமாறினாள், அப்புறம் சுதாரித்துக்கொண்டாள். இடம் கிடைத்தது. இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தாய்மாமன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மண் இன்னும் குழியில்தான் இருக்கிறது. திருநாள் வந்தால் ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் அவனைச் செய்கிறார்கள். முடிந்ததும் முருகேசன் டிராக்டரில் வாணியே உட்கார்ந்து போய்ப் பூசாரியிடம் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறாள். வேனில் இப்போது இடமிருக்கிறது என்று கேள்வி.

வாணி நன்றாகத்தான் இருக்கிறாள். சாயங்காலம் குழியிலிருந்து அவளைச் சாப்பிடக் கூப்பிட்டால், "அன்னிக்குக் கூப்ட பாரு, அந்தக் கொரல்ல கூப்புடும்மா. இது காதுலயே வுழல" என்கிறாள்.

அதனால் நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு, நடந்து போய்த் தோளைத் தொடலாம் என்று வாசலில் இறங்குகிறேன். சில நாள் நான் செருப்பைப் போடுவதற்குள்ளேயே கொல்லை வரப்பில் அவள் எதிரில் வந்துகொண்டிருக்கிறாள்.

"வந்துட்டேம்மா, வந்துட்டேன். எத்தினி வாட்டி கூப்புடுவ?"